அவள் சொன்ன ஓகே

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருந்த அம்மா "ஓகே" என்றார். பின்னால் நின்றவர் போர்வையை இழுத்துவிட்டார். மறுபடி "ஓகே." அவர் அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

லிஃப்டில் பின்னால் நின்ற அந்த அகராதிக்காரர் காலையில் கண்விழித்து (வேண்டாம். எல்லாக் கதையிலும் யாராவது கண்விழித்துத் தொலைக்கிறார்கள்.)

இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழில் பொருள் போடும் ஆபீசில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் அவர். 'ரன்' என்கிற இத்தனூண்டு சொல்லோடு ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினார்: ஆள் ஓடுவது, மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது, சாயம் போவது. ஒவ்வொன்றையும் பிரித்து எண் போட்டால்தான் சோறு இறங்கும். ஆபீசில் பட்டப்பெயரே 'அர்த்தம்'. "அர்த்தம் சார், டீ ஆறுது" என்பார்கள்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து எல்லாச் சொல்லும் போய், 'ஓகே' மட்டும் மிஞ்சியது. பசித்தால் ஓகே. வலித்தால் ஓகே. படுக்கை நனைந்துவிட்டால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஓகே. "இதானே நம்ம பொழப்பு, கண்டுபிடிச்சிரலாம்" என்று முதலில் தெம்பாகத்தான் இருந்தார். பாதிதான் பிடிபட்டது. மீதிக்கு அவள் நல்ல கையால் கட்டிலைக் குத்துவாள்.

(அவளை வாயாடியாக எழுதினேன், அடித்தேன். சாந்தமானவளாக எழுதினேன், அது இன்னும் பொய். பேச்சு போன பிறகுதானே நான் அவளைப் பார்த்தேன்!)

3

குளியலறையில் அவளைத் தூக்கும்போது இருவரும் விழுந்தார்கள். அவருக்கு முதுகு போனது. மகள் வந்தாள்.

"உங்களால இனி முடியாதுப்பா. முதியோர் ஹோம்ல நல்லா பாத்துக்குவாங்க."

"அவளைக் கேக்காம எப்படிம்மா?"

மகள் கட்டிலருகே குனிந்தாள். "அம்மா, ஹோமுக்குப் போறீங்களா?"

"ஓகே."

"பாத்தீங்களாப்பா? அம்மாவே சொல்லிட்டாங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனோடு வெளியே போனாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. படுக்கை நனையவில்லை.

அவருக்கு அந்த ஓகே தெரியும், அது சம்மதம் இல்லை. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் 'அப்பாடா' என்று ஒன்று எழுந்தது. அதைக் கேட்டு அவருக்கே அவர்மேல் அருவருப்பு வந்தது. பாவி மனுஷன், எவ்வளவுதான் தூக்குவார்?

4

முடிவு: அவர் வாசலுக்கு ஓடி மகளைத் தடுத்து (அந்த முதுகோடு எங்கே ஓடுவது?)

வேறு முடிவு: ஹோமில் அவளுக்கு மெல்ல மெல்லப் பேச்சு (சீ. யாரை ஏமாற்ற?)

அவர் அவள் காதருகே கேட்டார்: "என்கிட்ட மட்டும் சொல்லு. போகணுமா, வேண்டாமா?"

"ஓகே" என்றாள். முகம் திரும்பவில்லை. நல்ல கை மட்டும் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. வாசலில் மகள் போனில் ஹோம்காரர்களுக்கு இந்த வீட்டின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களே கூப்பிடுங்கள். அவர் கூப்பிட மாட்டார்.