மணியம்மாளுக்கு இரண்டு பேர்

ஞானம்மாவை வேலைக்கு எடுக்கச் சொன்னதே திலகவதிதான். அதனால்தான் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

வீடில்லாமல் ரயில் நிலையத்திலும் கடை வாசலிலும் படுத்திருப்பவர்களைத் தேடிப்போய் வைத்தியம் பார்க்கும் வேனில் திலகவதி பதினோரு வருடமாக நர்ஸ். திங்கள், செவ்வாய் திருவள்ளூர். புதன், வியாழன் கும்மிடிப்பூண்டி. வெள்ளிக்கிழமை காக்களூர் தொழிற்பேட்டை. வாரத்துக்கு ஒருநாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் திலகவதியும் டிரைவர் அஸ்கர் அலியும்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய மேம்பாலத்துக்குக் கீழே ஞானம்மாவைக் கண்டெடுத்ததும் திலகவதிதான். இடது காலில் முழங்காலுக்குக் கீழே புண் அழுகிப் புழு வைத்திருந்தது. பக்கத்தில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். திலகவதி குந்தி உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்தாள். ஏழு மாதம் கட்டுப் போட்டாள். கால் ஆறிய பிறகு தங்கும் விடுதியில் சேர்த்தாள். பிறகு அலுவலகத்தில் பேசி, வேனிலேயே உதவியாளராக வேலையும் வாங்கிக் கொடுத்தாள். ஞானம்மா அவளைத் தெய்வம் என்பாள், யார் எதிரில் வேண்டுமானாலும்.

வேலைக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே சிக்கல் தொடங்கிவிட்டது.

திருவள்ளூர் பேருந்து நிலையத்தில், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் மணியம்மாள் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். எப்போதும் வலது கையை மார்போடு ஒட்டியே வைத்திருப்பாள். ஏதோ இருக்கிறது என்று திலகவதிக்குத் தெரியும். ஒரு வருடமாகக் கேட்டுப் பார்த்தாள். பிஸ்கட் கொடுத்தாள், புதுப் புடவை கொடுத்தாள், அதட்டியும் பார்த்தாள். மணியம்மாள் முந்தானையை இறுக்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, நீ போம்மா" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஞானம்மா எதுவும் கேட்கவில்லை. போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தன் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலில் இருந்த தழும்பைக் காட்டினாள். "இதுல புழு நெளிஞ்சிகினு இருந்துச்சுக்கா. நானும் மூடி மூடித்தான் வெச்சிருந்தேன்" என்றாள். இருவரும் டீ குடித்தார்கள். அரை மணி நேரத்தில் மணியம்மாள் எழுந்து வந்து வேனில் ஏறினாள். வலது மார்பில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி.

டாக்டர் பார்த்துவிட்டு, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார். பிறகு ஞானம்மாவின் தோளைத் தட்டி, "ஒரு வருஷமா முடியாதத முடிச்சுட்டீங்களே" என்றார்.

திலகவதியும் சிரித்தாள். ஒரு வருடமாக முடியாதவள் தான்தான் என்பது அவள் காதிலேயே நின்றது.

அதற்குப் பிறகு எல்லாமே அவள் கண்ணில் பட்டது. வேன் போய் நின்றதும் எல்லோரும், "ஞானம் வந்துகீதா?" என்று கேட்டார்கள். மாத்திரையைத் திலகவதி கையிலிருந்து வாங்கி, அதை எப்போது போடுவது என்று ஞானம்மாவிடம் கேட்டார்கள். கோயில் குளத்தருகே உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒருவர், மூன்று மாதமாகச் சர்க்கரை பார்க்க விரலை நீட்டாதவர், ஞானம்மாவிடம் நீட்டினார். 'நான் படிச்ச படிப்பு, நான் கழுவின புண்ணு. ரோட்ல படுத்திருந்தா போதும்போல' என்று திலகவதி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கம் சீக்கிரம் போய்விடும். மற்றது போகாது.

வியாழக்கிழமை பரிசோதனை என்று முடிவாகி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். ஞானம்மாதான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வேனுக்குள் ஞானம்மா மணியம்மாளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். திலகவதி வெளியே மருந்துப் பெட்டியை அடுக்கினாள். கதவு திறந்தே இருந்தது.

"எனுக்கு பயமா கீது ஞானம்."

"நான் இருக்கேன்ல. சிஸ்டரும் இருக்காங்க."

"அந்த சிஸ்டர் வேலைக்கு வரா. நீ எனுக்கோசரம் வர."

திலகவதி பெட்டியை மூடினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வேன் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் போன் திலகவதியிடம்தான் இருக்கும். வியாழக்கிழமை டாக்டர் வர மாட்டார், நாளைக்குப் புதன்கிழமையே அழைத்து வந்துவிடுங்கள் என்றார்கள். "சரிங்க" என்றாள். ஞானம்மா பத்தடி தூரத்தில் நின்று வேனின் படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திலகவதி வாயைத் திறந்தாள். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போன பிறகும் சொல்லியிருக்கலாம். மறுநாள் விடிந்ததும் சொல்லியிருக்கலாம். ஞானம்மா போய்த் திரும்பி வரட்டும், ஒரு தரம் தன்னிடம் வந்து நிற்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். மணியம்மாளைப் பற்றி அந்த நேரத்தில் அவள் நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஞானம்மாவும் மணியம்மாளும் ரயிலில் சென்னைக்குப் போய், வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், நேற்றே வரச் சொல்லியிருந்தோமே, இனி இரண்டு வாரம் கழித்துத்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருவள்ளூரில் இறங்கியதும் மணியம்மாள், "நீயும் ஏமாத்திட்டல்ல" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் நுழைந்து போய்விட்டாள். அடுத்த வாரம் ஷட்டருக்கு முன்னால் அவளும் இல்லை, அவள் மூட்டையும் இல்லை.

திலகவதி எதிர்பார்த்தது நடந்தது. ஞானம்மாவின் வாய் அடங்கிவிட்டது. எதற்கெடுத்தாலும், "சிஸ்டர், நீங்களே பாத்துடுங்க" என்றாள். யாருடைய பக்கத்திலும் போய் உட்காரவில்லை. இரண்டு நாள் திலகவதிக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் அஸ்கர் அலி வேனை ஓட்டிக்கொண்டே, "ஞானம்மா சாப்பிடறதே இல்ல சிஸ்டர். டிபன் பாக்ஸ அப்படியே நாய்க்குக் கொட்டுது. இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு திலகவதிக்கும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தனியாகக் கிளம்பித் தேடினாள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், குளக்கரை. பூக்காரி ஒருத்தி சொன்னாள் என்று திருப்பாச்சூருக்குப் போனாள். சிவன் கோயிலுக்கு வெளியே, மதில் நிழலில் மணியம்மாள் சுருண்டு படுத்திருந்தாள். கை அதே போல மார்போடு ஒட்டியிருந்தது.

"மணியம்மா, நான் கூட்டிகினு போறேன், வா."

"ஞானம் எங்க?"

"அவ ஏமாத்திட்டான்னு சொன்னியாமே."

"கோவத்துல சொன்னேன். அது வந்தாதான் வருவேன்." மணியம்மாள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது திலகவதி அழுதாள். மணியம்மாளுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில், வேன் கிளம்புவதற்கு முன் ஞானம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்ததை, பைக்குள் போட்டதை, ஏன் என்பதையும்.

ஞானம்மா மெதுவாகச் சொன்னாள்: "எனுக்குப் படிப்பு சரியா வராது. சீட்டுல புதன்னு போட்டிருந்தத நான்தான் வியாழன்னு படிச்சிட்டேன்னு நெனச்சேன் சிஸ்டர். தெனம் அந்தச் சீட்ட எடுத்து எழுத்துக் கூட்டிப் பாத்துகினே இருந்தேன்."

திலகவதியால் நிமிர முடியவில்லை.

"நீங்க என் கால்ல புழு எடுத்தவங்க. அதனால சும்மா இருக்கேன். வேற யாருன்னா இந்நேரம் அறைஞ்சிருப்பேன்." ஞானம்மா எழுந்து நின்றாள். "ஆபீசுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக்கா கிட்ட நீங்க சொல்லணும். உங்க வாயால சொல்லணும். நான் ஏமாத்தலன்னு அதுக்குத் தெரியணும்."

அஸ்கர் அலி எதுவும் கேட்காமல் வேனைத் திருப்பாச்சூருக்கு விட்டார்.

மதில் ஓரத்தில் திலகவதி தரையில் உட்கார்ந்தாள். அப்படி உட்காருவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் கையில் மருந்துப் பெட்டி இல்லாமல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஞானம்மா கொஞ்சம் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"தேதி மாத்தினாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லல. ஞானம்மா மேல தப்பில்ல."

"ஏன் சொல்லல?"

"பொறாம. ஒரு வருஷமா நான் கூப்ட்டு நீ வரல. அவ கூப்ட்டதும் வந்துட்ட."

மணியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று திலகவதி காத்திருந்தாள்.

"எனுக்கோசரமா?" என்றாள் மணியம்மாள். "என்னப் பாத்துக்கறதுக்கா நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினீங்க?"

திலகவதி தலையை ஆட்டினாள்.

"பெத்த புள்ளைங்க ரெண்டு பேரு, நீ வெச்சிக்கோ நீ வெச்சிக்கோன்னு தள்ளித் தள்ளித்தான் நான் ரோட்டுக்கு வந்தேன்." சொல்லிவிட்டு மணியம்மாள் சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்து, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "கையப் புடி, எழுந்திருக்கணும்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஞானம்மா வந்து ஒரு கையைப் பிடித்தாள், திலகவதி இன்னொரு கையை.

திலகவதி அன்றே அலுவலகத்துக்குத் தானாகப் போய் நடந்ததைச் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேன் போனை அஸ்கர் அலியிடம் மாற்றினார்கள். தள்ளிப்போன பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது. பரவவில்லை, மார்பை எடுத்துவிட்டால் பிழைப்பாள் என்றார்கள். இரண்டு வாரம் தள்ளிப் போனதால் ஏதாவது ஆயிற்றா என்று திலகவதி கேட்டாள். அதை அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதில் அவளுடனேயே தங்கிவிட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து மணியம்மாளை வார்டுக்குக் கொண்டுவந்த அன்று இரண்டு பேரும் போயிருந்தார்கள். ஞானம்மா இப்போது திலகவதியோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசுகிறாள். தெய்வம் என்று சொல்வதில்லை. மயக்கம் தெளிந்து மணியம்மாள் முதலில் முனகிய பெயர், "ஞானம்."

திலகவதிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இன்னும் போகவில்லை என்று தெரிந்துகொண்டாள். வராண்டாவில் நின்றிருந்த ஞானம்மாவிடம் போய், "உன்னத்தான் கூப்புடறா. போ" என்றாள். பிறகு மணியம்மாளின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றாள்.