அம்மா கூப்பிடும் பேர்

எங்கள் வீட்டில் ஒரே கணினிதான். கூடத்தில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமியார் அதில் தொடர் பார்ப்பார். அச்சகத்தில் பிழை திருத்தும் என் கணவர், மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து அதில்தான் முடிப்பார். பல் மருத்துவமனை வரவேற்பறையிலிருந்து மூன்று மணிக்குத் திரும்பும் எனக்கு, மாமியார் தூங்கி எழும்வரை ஒரு மணி நேரம் கிடைக்கும். மனதில் உள்ளதை அப்போது எழுதி, ‘தையல் அளவுகள்’ என்ற ஃபோல்டரில் வைப்பேன்.

போன மாதம் அதற்குப் பாஸ்வேர்டு போட்டேன். மறந்துபோனால் நினைவூட்ட ஒரு குறிப்பு கேட்டது. எழுதாமல் மேலே போக விடவில்லை. ‘அம்மா கூப்பிடும் பேர்’ என்று எழுதினேன். இந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. இங்கே நான் ‘ஏம்மா’, ‘இந்தா’, ‘கேக்குதா’.

நேற்று அம்மா போனில் அழைத்தாள்.

“மாப்பிள்ளை போன் பண்ணாருடி! சின்ன வயசுல உன்னை என்னன்னு கூப்பிடுவீங்கன்னு கேட்டாரு. சுண்டெலின்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்கன்னு வேற கேள்வி! கல்யாணமாகி ஒம்போது வருஷம் கழிச்சு எந்த ஆம்பளைடி இதெல்லாம் கேக்கறான்? நீ குடுத்து வச்சவ.”

“ஆமாம்மா” என்றேன். அவள் சந்தோஷத்தையும் பிடுங்க மனம் வரவில்லை.

சண்டைக்குத் தயாராகவே, கணினி முன்னால் இருந்த கணவரிடம் கூடத்துக்குப் போனேன்.

“என் ஃபோல்டரைத் திறந்தீங்களா?”

“பூட்டி வச்சா பார்க்கத் தோணாதா, சுண்டெலி? நல்லாத்தான் எழுதற.”

“எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“படிக்காம எப்படித் திருத்தறது? ‘இந்த வீட்டில் இருக்க பிடிக்கவில்லை’ன்னு நாலு இடத்துல எழுதியிருக்க. ‘இருக்கப் பிடிக்கவில்லை’. ப் வரணும். போட்டுட்டேன். பாஸ்வேர்டையும் எடுத்துட்டேன், வீட்டு ஆளுங்களுக்குள்ள என்ன?”

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். வருத்தத்தைத் தேடினேன். ஒரு வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தி மட்டுமே இருந்தது.

“முடிஞ்சா எந்திரிடா, சீரியல் ஆரம்பிச்சிடும்” என்றார் மாமியார்.

“அவ்வளவுதாம்மா.”

இன்று மூன்று மணிக்குப் புதுப் பக்கம் திறந்தேன். வேறு பாஸ்வேர்டு, பொய்க் குறிப்பு எல்லாம் போடத் தெரியாமலில்லை. பழைய பக்கங்களில் கணவரை ‘அவன்’ என்றே எழுதியிருந்தேன். வாயால் ஒருநாளும் சொல்லாத சொல். இன்று தானாகவே ‘அவர்’ என்று விழுந்தது. அழித்துவிட்டு ‘அவன்’ என்று அடித்தேன். அவர் படிக்க வேண்டுமென்றே திட்டியது போலிருந்தது. அதையும் அழித்தேன். மாமியார் எழுந்து வரும்வரை வெற்றுப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.