வெள்ளைப் பலகை

"போர்டுல எழுதுறது..." என்று மகள் ஆரம்பித்ததும் அப்பா தட்டிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். அந்த வீட்டில் அதற்குச் சிவப்பு விளக்கு என்று பொருள்.

"கரும்பலகை," என்றார்.

"அது வெள்ளையா இருக்குப்பா."

"அப்போ வெள்ளைப் பலகை."

"வெள்ளைப் பலகையில டீச்சர்..."

விரல் மறுபடி எழுந்தது. "ஆசிரியை."

எட்டு வயது மகள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கண்களைச் சுருக்கினாள். "ஆசிரியை எழுதுறதெல்லாம்... தூங்குது."

"எழுத்து எங்கயாவது தூங்குமாம்மா? சரியான சொல்லா யோசி. அவசரமே இல்ல."

அவள் யோசித்தாள். சாதம் ஆறியது. கடைசியில், "ஒண்ணுமில்லப்பா," என்றாள்.

"பாத்தியா, ஒரு வார்த்தை கலக்காம சொல்லிட்டா," என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார். முதியோர் இல்ல வேலையில் பகல் முழுக்க, அவர்கள் குடியேறிய நாட்டின் ஊர்மொழியில் பேசித் தொண்டை வறண்டு வந்திருந்த மனைவி, "முதல்ல அவளச் சாப்பிட விடுங்க," என்றதோடு சரி. அதற்கு மேல் பேசினால் சொற்பொழிவு ஆரம்பமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியே, மாடிப்படி முடியும் இடத்தில், அவர்களுடைய செருப்பு ஸ்டாண்ட் இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஊர்மொழியையும் அங்கே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே தமிழ் மட்டும். இது இரண்டு வருடச் சட்டம். தமிழ்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அவர் இதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். இருபது நாற்காலிகளில் பதினோரு பேர், அதில் நான்கு பேர் டீக்காக வந்தவர்கள். "ஒரு நல்ல சொல்லுக்காக என் மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவாள், அந்த அழகைப் பார்க்க வேண்டுமே" என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் செயலாளரின் பிள்ளைகள் ஊர்மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 'மொழிக்காவலர்' என்று அச்சடித்து லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றும் கிடைத்தது. கூடத்தில் டிவிக்கு மேலே அதற்கு இடம் ஒதுக்கினார்.

சட்டம் பிறந்த கதையை அவர் மேடையில் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு லென்ஸ் தேய்க்கும் வேலை. மெஷின் போடும் இரைச்சலில் பேச்சுக்குத் தேவையே இல்லை. ஒருநாள் முதலாளியம்மா அவரை முன்னால் வந்து வாடிக்கையாளரைக் கவனிக்கச் சொன்னாள். ஊர்மொழியில் நான்கு வாக்கியம் பேசியிருப்பார். பள்ளி விடுமுறைக்காகக் கடைக்கு வந்திருந்த மகள், அப்போது ஆறு வயது, "அப்படி இல்லப்பா," என்று அந்த நான்கையும் மணி அடித்த மாதிரி திருத்திச் சொன்னாள். வாடிக்கையாளர் சிரித்தார். முதலாளியம்மா சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்ததுதான் கொடுமை. அந்த வாரமே செருப்பு ஸ்டாண்ட் சட்டம் அமலுக்கு வந்தது. கவுன்ட்டர் வேலையை, கைவேலைதான் தனக்கு ஒத்துவரும் என்று சொல்லி மறுத்துவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பார்.

வெள்ளைப் பலகைக்கு மறுநாள் மதியம் முதலாளியம்மா அவரை முன்னால் கூப்பிட்டாள். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மாடிப்படி துடைக்கும் அம்மாள், தன் புதுக் கண்ணாடியை வாங்க வந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்ததும் படபடவென்று ஏதோ கேட்டாள். அவருக்குப் 'பிள்ளை' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. வழக்கம்போலப் புன்னகையோடு தலையாட்டினார்.

அந்த அம்மாள் தலையாட்டலை ஏற்கவில்லை. திரும்பக் கேட்டாள். முதலாளியம்மா இடையில் புகுந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாக அவருக்கு எடுத்துச் சொன்னாள். பிள்ளைக்கு எப்போது கண்ணாடி செய்யப் போகிறாய். வகுப்பில் பலகையில் எழுதுவது எதுவும் தெரியவில்லையாம். பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிறாளாம், அந்தப் பெண் இப்போது கையால் மறைத்துக்கொள்கிறாளாம். பள்ளியிலிருந்து மூன்று கடிதம் கொடுத்திருக்கிறார்களாம்.

"அடுத்த வாரம்," என்றார் அவர் ஊர்மொழியில், எல்லாம் முன்பே தெரிந்த மனிதரைப்போல. முதலாளியம்மா அவரையும் பார்த்தாள், அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்த நூற்றுக்கணக்கான பிரேம்களையும் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை ஐந்து மணிக்கே கிளம்பி வந்தார். முதல் மாடி திரும்பும்போதே மேலிருந்து பேச்சு கேட்டது. மகளின் குரல்தான். ஆனால் இவ்வளவு வேகமாக, இவ்வளவு நீளமாக, நடுநடுவே தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு பேசுகிற மகளை அவர் கேட்டதேயில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு சொல்தான் அவருக்குப் புரிந்தது. சொந்தப் படிக்கட்டில் திருடனைப்போல நின்றார். துடைக்கும் அம்மாள் வாளியோடு இறங்கி வந்தாள். புதுக் கண்ணாடி வழியே அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் மேலே ஏறினார். மகள் உச்சிப்படியில், ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். கீழே அசைந்த உருவத்தைப் பார்த்துக் கண்களைச் சுருக்கினாள். யாரது என்று ஊர்மொழியில் கேட்டாள். மேடையில் அவர் கைதட்டல் வாங்கிய அதே சுருக்கம்.

"நான்தாம்மா."

அவள் அவசரமாக ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "வெளிய இருந்துதாம்ப்பா பேசினேன். உள்ள ஒரு தடவகூடப் பேசல."

"கழட்டாத. இருக்கட்டும்." அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஸ்கூல்ல லெட்டர் குடுத்தாங்களா?"

'லெட்டர்' என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். ஸ்டாண்டின் கீழ்த்தட்டிலிருந்த மழைக்கால பூட்ஸுக்குள் கையை விட்டு, நான்காக மடித்த மூன்று தாள்களை எடுத்தாள். "ஊர்மொழியில இருந்துச்சா, அதான் உள்ள கொண்டு வரல."

அவர் முதல் தாளைப் பிரித்தார். ஷூவைக் கழற்றாமலே, சொல்லுக்குச் சொல் விரலை வைத்து, ஊர்மொழியில் உரக்கப் படித்தார். முதல் வரி எப்படியோ போயிற்று. இரண்டாம் வரியில் ஒரு நீளமான சொல். ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. இன்னொரு விதமாகச் சொன்னார்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"எப்படிச் சொல்லணும்?"

"நல்லாத்தாம்ப்பா சொன்னீங்க."

ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும் மாடிப்படி விளக்கு அணைந்தது. கையை வீசினால் மறுபடி எரியும். அவர் விரலை அந்தச் சொல்லின் மேலிருந்து எடுக்காமல், அவள் திருத்துவதற்காகக் காத்திருந்தார்.