எழுத்துகள் வெளிநடப்புச் செய்த வகுப்பு

கன்னட நாட்டில், மண்டி மொஹல்லா என்னும் பேட்டையில் மிஷன்காரர்கள் நடத்திய முதியோர் தமிழ் வகுப்பில், முதல் நாள் எழுதிய எழுத்துகள் எல்லாம் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சிலேட்டைவிட்டு இறங்கி, வரிசையாக வாசலைத் தாண்டிப் போய்விட்டன. எதிரே வந்த வெங்காயக் கடைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி வழிவிட்டார், அவ்வளவுதான். மறுநாளும் அதே கதை. வகுப்பெடுத்த ஹேமந்த் பிரதர் சிலேட்டைக் குறை சொன்னார்; புதுச் சிலேட்டுகள் வந்தன. பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, மூன்று நாள் மசால் தோசை தின்று, ‘சமூக ஒத்துழைப்பு போதாது’ என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டுப் போனார். எழுதிய பெண்களை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர்கள் அல்லவா!

“மதம் மாத்தப் பாக்கறாங்க, எழுத்துக்கே புடிக்கல” என்று அதே தெரு நிர்மலா வீடு வீடாகப் போய்ச் சொல்ல, பெண்கள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் நின்றார்கள். நிர்மலாவுக்குச் சாமி மேல் திடீரென அத்தனை பக்தி! அந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாருக்கு மெசேஜ் வந்தாலும் அவள் வாய் வழியாகத்தான் வர வேண்டும்.

தேவம்மா மட்டும் நிற்கவில்லை. கட்டட வேலை முடிந்து சிமெண்டுக் கையோடு வந்து உட்காருவாள். ஹனூரில் கட்டிக்கொடுத்த மகள் வினிதா, மாமியார் காதில் விழும் என்று போனில் பேசுவதில்லை, மெசேஜ் எழுதுவாள். நிர்மலா அதைத் தெருவுக்கே கேட்கப் படிப்பாள். “உம் மவ அடி வாங்கினாளாமே?” என்று டீக்கடையில் விசாரிப்பார்கள்.

பிள்ளையார் சுழி போட்டுக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டிருந்தாள். புத்தகத்தில் இல்லை என்றிருந்தார் பிரதர். ஒரு நாள் கேட்காமலே சுழித்துவிட்டு எழுதினாள். எழுத்துகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பிரதர் பதறிப்போய்ச் சுழியை அழித்தார். அத்தனையும் எழுந்து நடையைக் கட்டின.

“மளிகைச் சீட்டுக்கே சுழி போடறாங்க, பிரதர். எனக்குச் சாமிச் சண்டையெல்லாம் வேண்டாமுங்க. எம் புள்ள எழுதறத நானே படிக்கோணும்” என்றாள் தேவம்மா.

பிரதர் ஒரு வாரம் ஜெபித்தார். பிறகு அறிக்கையில் சுழிக்கு ‘விரல் பயிற்சி’ என்று பெயர் வைத்தார். மேலிடம் மெச்சிப் பிற ஊர்களுக்கும் பரிந்துரைத்தது. பெண்கள் திரும்பி வந்தார்கள், எழுத்துகளும் தங்கின. முன்பு ஓடிப்போனவை இன்னும் வெங்காயக் கடைப் பக்கம் திரிகின்றன; யாரும் கண்டுகொள்வதில்லை.

தை மாதம் ஒரு காலை, வேலையிடத்து மணல் குவியல் அருகே நின்று தேவம்மா போனை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ‘அம்மா, இனி முடியாது. வந்து கூட்டிட்டுப் போ.’ யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். சாயங்காலம் மகளும் பெட்டியுமாக ஆட்டோவில் வந்து இறங்கியபோதுதான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது.

“எனக்கே தெரியாதேக்கா!” என்று வாயைப் பிளந்தாள் நிர்மலா.

“ஆமா, தெரியாது” என்று சொல்லிவிட்டு, தேவம்மா மகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.