அப்பாவுக்கு வந்த மறதி

அப்பாகிட்ட அந்தப் பேரைச் சொன்னதே தப்பு. வாயை வெச்சுண்டு சும்மா இருந்திருந்தா ஒரு வம்பும் இல்லை.

ஐரோப்பாவில் விஞ்ஞானிகள் ஏஐ-யை எதுக்கெல்லாம் நம்பலாம், எதுக்கு நம்பக்கூடாதுன்னு வழி சொல்ல ஒரு நிபுணர் குழு அமைக்கறா. நானும் விண்ணப்பிச்சிருந்தேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடற ஏஐ-யைக் கையும் களவுமாப் பிடிக்கறதுதான் ஜெர்மனியில் என் உத்தியோகம். லீவுக்குப் பாலக்காட்டில் எங்க கல்பாத்தி அக்ரஹாரத்துக்கு வந்த சமயம் பார்த்து நேர்காணல் வந்தது, லேப்டாப்பிலேயே. எப்படியாவது அந்த இடம் கிடைக்கணும்னு எனக்கு ஒரு வெறி.

தேர்ந்தெடுக்கறவாள்ல ஒருத்தர் பேர் அனந்தநாராயணன்னு சாப்பிடறச்சே சொல்லித் தொலைச்சேன். "நம்ம பக்கத்து அக்ரஹாரம், சாத்தபுரத்துப் பிள்ளையாக்கும்"னார் அப்பா. பாங்க் மேனேஜரா இருந்து ரிடையரானவர். இந்தத் தெருக்கள்ல யாருக்கு யார் என்ன உறவுன்னு அவர்கிட்டதான் எல்லாரும் கேப்பா. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

நேர்காணல் நன்னாத்தான் போயிண்டிருந்தது. கடைசியில் தேர்வுக் குழுத் தலைவி கேட்டாள்: "நேற்று உங்கள் அப்பா எங்களில் ஒருவருக்குப் போன் செய்து சிபாரிசு செய்திருக்கிறார். அதனால் அந்த உறுப்பினர் இந்தத் தேர்விலிருந்து விலகிவிட்டார். உங்களுக்குத் தெரியுமா?"

அப்போதான் பார்த்தேன், திரையில் அனந்தநாராயணனைக் காணோம். உடம்பெல்லாம் கூசிப் போச்சு. எங்க ஊரில் காலேஜ் சீட்டுக்கும் ஆஸ்பத்திரி ரூமுக்கும் 'நம்மாத்துக் கொழந்தையாக்கும், பாத்துக்கோ'ன்னு ஒரு போன் போடறது சகஜம். அங்கே அது ஆளையே கவுத்துடும்.

"தெரியாது"ன்னேன். அது நிஜம். அதோட நிறுத்தியிருக்கலாம், நாக்கு நிக்கலை. "அப்பாவுக்கு மறதி வியாதி. யாருக்காவது போன் பண்ணி எதையாவது பேசுவார்"னு கொஞ்சம்கூடத் தயங்காம இங்கிலீஷில் சொன்னேன்.

அப்பா கதவுக்கிட்ட நின்னுண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கு. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சட்டைப் பொத்தானைத் தாறுமாறா மாத்திப் போட்டுண்டு, நேரா வந்து காமிரா முன்னாடி குனிஞ்சார்.

"நீங்களெல்லாம் எந்த பிராஞ்ச்?"னு இங்கிலீஷில் கேட்டார். "லாக்கர் சாவி என்கிட்ட இல்லை. மேனேஜர் இன்னும் வரலை."

தலைவிக்குக் கண் கலங்கிடுத்து. "இதை நான் கேட்டிருக்கவே கூடாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்"னாள்.

லேப்டாப்பை மூடினதும் அப்பா பொத்தானைச் சரி பண்ணிண்டார். "போன் பண்ணினது என் தப்பு. உன் பேர் கெடக்கூடாது பாரு"ன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னது.

இடம் கிடைச்சுடுத்து. பாவம்னு நெனச்சு தலைவி அனந்தநாராயணன்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கா. அவர் தன் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கார். மறுநாளே அந்த அம்மா, சேஷம்மாள் மாமி, பழத்தோட எங்காத்துக்கு வந்துட்டா. அப்பாவும் அவளும் ஒண்ணாப் படிச்சவா.

"துரைசுவாமி, நான் யாருன்னு தெரியறதா?"ன்னு அவர் கையைப் பிடிச்சுண்டு கேட்டா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லலை.

"தெரியலையேம்மா"ன்னார் அப்பா.