பெரியவர் எழுதாத வரி

ஜாவித் லேப்டாப்பைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆகவில்லை, ராமாமணி அதற்குள் நாலு தடவை தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தாள். தாகமெல்லாம் ஒன்றுமில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தப் பெட்ஷீட் மில்லின் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறவள், ஆடிட்டர் வந்து நின்றாலும் அசராதவள். கோயமுத்தூரிலிருந்து மெயிலைச் சரிபண்ண ஒருத்தன் வந்ததற்குத்தான் இந்தப் பாடு.

போன மாதம் மெயில் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். அன்றைக்கே பழைய தமிழ் மெயில்கள் அத்தனையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகிவிட்டன. எல்லாம் ஒரு பழைய ஃபான்ட்டில் அடித்தவை, புது சாஃப்ட்வேர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ராமாமணிக்கு மட்டும் அந்தக் குப்பை புரிந்தது. எந்தப் பட்டனைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து விழும் என்று அவள் விரலுக்கே தெரியும். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் விரல் மேஜையில் தட்டும், வாய் தமிழில் சொல்லும். யாருக்கு எந்தப் பழைய மெயில் வேண்டுமென்றாலும் அவள் நாற்காலிக்குத்தான் வந்தார்கள். அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பொய் சொன்னது வேறு விஷயத்தில்.

முதலாளி சீனிவாசலு போன தை மாதம் காலமானார். மகன் வம்சி பொறுப்புக்கு வந்ததும், மில்லுக்குள் இருக்கும் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் குடோன் கட்டத் திட்டம் போட்டான். அங்கே மிச்சமிருப்பது கதிர்வேல் குடும்பம் ஒன்றுதான். தறி ஃபிட்டராக இருந்து, பெல்ட்டில் மாட்டி மூன்று விரல் போனவன். இப்போது கேட்டில் வாட்ச்மேன். "பெரியவர் இருக்கச் சொல்லி மெயில் போட்டாருங்க" என்று வந்து நின்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய மெயிலை வம்சி தேதியை வைத்துத் தேடி எடுத்து, ராமாமணியைப் படிக்கச் சொன்னான்.

அதில் இருந்தது இரண்டே வரி. 'கதிர்வேலுக்கு இரண்டு வருஷம் வீடு கொடுக்கவும். பிறகு அவனே பார்த்துக்கொள்ளட்டும்.'

கதிர்வேல் விரல் போன கையை மறு கையால் மூடிக்கொண்டு நின்றான். ராமாமணி படித்தாள்: "கதிர்வேலுக்கு வீடு கொடுக்கவும். அவன் கை நம் மில்லில் போன கை. அவன் இருக்கும் வரைக்கும் வீடு அவனுக்கே."

வாய் சும்மா இருக்க வேண்டாமா? அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. "எங்கப்பாவா இப்படி எழுதுனாருங்க?" என்று மட்டும் கேட்டான் வம்சி. அப்பனும் மகனும் நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்பது மில்லுக்கே தெரியும். குடோன் திட்டம் அன்றோடு நின்றது.

அதோடு போயிருந்தால் சரி. இன்று காலை ஜாவித் உள்ளே நுழைந்ததும் வம்சி சொன்ன முதல் வார்த்தை, "அப்பாவோட அந்த மெயிலை முதல்ல தமிழ்ல எடுத்துக் குடுத்துருங்க. பிரேம் போட்டு மாட்டோணும்."

"மாத்தறதுக்குப் புரோகிராம் போட்டாச்சுங்கக்கா" என்றான் ஜாவித். "சரியா வருதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும். இது நல்லபடியா முடிஞ்சா உங்க மத்த ரெண்டு மில்லு வேலையும் எனக்குத்தான்னு சின்ன முதலாளி சொல்லியிருக்காருங்க."

ஒவ்வொன்றாக வந்தது. நூல் லாரி வரவில்லை. பாய்லர் மறுபடி பழுது. ஆயுத பூஜைக்குப் பொரி இருபது படி. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எங்கேயாவது ஒரு கொம்பாவது இடம் மாறி விழாதா என்று ராமாமணி கண்ணைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். பாழாய்ப்போனவன், வேலையைச் சுத்தமாகக் கற்றிருந்தான். அந்த மெயில் வந்தபோது அழித்துவிடலாம் என்றுதான் மவுசுக்குக் கையைக் கொண்டுபோனாள். பின்னால் வம்சி வந்து நின்றான்.

படித்தான். மறுபடி படித்தான்.

"ஏனுங்க, இது சரியா மாறலீங்களா? வேற என்னமோ வந்திருக்குதே."

"மத்ததெல்லாம் சரியா வந்துச்சுங்களே" என்று ஜாவித் மறுபடி ஓட்டினான். அதே இரண்டு வரி. இன்னொரு தடவையும் அதே. அவன் காதோரம் வேர்த்தது. "எங்க தப்புன்னே தெரியலீங்க. அக்கா, நீங்க சொல்லுங்க. இதுல என்னதான் இருக்குது?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். புரோகிராம் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு நிற்கும். வம்சிக்கு அவன் அப்பா கிடைப்பார். ஜாவித்துக்கு மட்டும்தான் கெட்ட பெயர், அவன் யாரோ, எவரோ. அந்த யாரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவை ஓட்டக் கிளம்பினான்.

"ஓட்டாதீங்க தம்பி. சரியாத்தான் வந்திருக்குது" என்றாள் ராமாமணி. பிறகு வம்சியைப் பார்த்தாள். "நாந்தானுங்க மாத்திப் படிச்சுப்போட்டேன்."

ஜாவித் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கை, அந்த வரி?" என்று கேட்டான் வம்சி.

"நானாச் சொன்னதுங்க."

வம்சி கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அம்மாகிட்டச் சொன்னேங்க" என்றான். "அவங்க அழுதுபோட்டாங்க. நானும் நம்பிட்டேன்."

பிரிண்ட் எடுக்கச் சொன்னான். வந்த தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி படியிறங்கினான். ராமாமணி ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

வெயிலில் வம்சி நேராகக் கேட்டுக்குத்தான் நடந்தான். அவனைப் பார்த்ததும், தாளில் இருப்பது தெரியாத கதிர்வேல் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை வேப்பமர நிழலுக்குள் இழுத்துப் போட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாற்காலிப் பலகையை ஒரு முறை, முதுகுச் சட்டத்தை ஒரு முறை துடைத்துவிட்டு, உட்காருங்க என்பதாகக் கையைக் காட்டிச் சிரித்தான்.