கடைசி எட்டு விநாடி

1.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. ஒலிக்கூடத்தின் இரண்டாம் மாடிக்கு, பத்துத் தட்டு வரிசையின் முதல் பியானோ இசைத்தட்டு திரும்பி வந்தது. சீட்டில் ஒரே வரி: ‘கடைசி எட்டு விநாடி இரைச்சல்.’

இந்தக் கதை அந்தச் சீட்டிலிருந்து பிறந்தது. தட்டுக்கு மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் கடைசி ஒலிச் சீரமைப்பு, செய்தவள் என் அக்கா. நான் நடுநிலை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மௌனம் என்பது—’ (நிறுத்திவிட்டேன். அக்கா சிரிப்பாள்.)

விஷயம் இதுதான். பதிவான ஒலியின் நுணுக்கத்தைத் தட்டு தாங்கும் அளவுக்குக் குறைக்கும்போது, தேய்ந்து அடங்கும் சுரம் படிப்படியாகத் தடுக்கிக் கரகரக்கும். அதைத் தவிர்க்க அக்கா மெல்லிய இரைச்சலை அவளே சேர்ப்பாள். பெயர் டிதர். அதையும் காதுக்கு அவ்வளவாக எட்டாத உச்ச ஒலிப் பக்கம் ஒதுக்கிவிடுவாள்.

3.

தயாரிப்பாளர் மாடியேறி வந்தார். (வில்லனாக்கத்தான் ஆசை. மனிதர் மூச்சிரைப்பு அடங்கும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தார். மனசு வரவில்லை.)

“ஏம்மா, சுத்தம் பண்ணக் குடுத்தா நீயே குப்பையக் கொட்டுவியா?”

“போடலன்னா கடைசி சுரம் பல்லுல மண்ணு மாதிரி நறநறங்கும் சார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடு. இல்லன்னா மிச்ச ஒம்பது தட்டும் வேற எடத்துக்குப் போகும்.”

4.

அக்கா ஒலியை முழுக்க ஏற்றி அந்த எட்டு விநாடியைப் பதினோரு முறை கேட்டாள். பிறகு மிக்ஸிங் செய்தவருக்கு, அதாவது ஒலிகளைக் கலந்து அவளுக்கு அனுப்பியவருக்கு, போன்.

“அண்ணே, அனுப்பும்போதே டிதர் போட்டீங்களா?”

“எப்பவும் போடறதுதானே.”

“நானும் போட்டேன். வந்ததும் பாத்திருக்கணும்.”

“போச்சுடா! ரெண்டு பேரும் உப்பு போட்டுட்டமா?”

அவர் ஒதுக்கிவைத்த இரைச்சல், மாஸ்டரிங்கில் அக்கா ஒலியை உயர்த்தியபோது தானும் உயர்ந்திருக்கிறது.

தவறே செய்யாத அக்காவைத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தப் பகுதி இல்லாமல் ஒரு பிரதியும் எழுதினேன். படித்துவிட்டு, “வழவழன்னு இருக்குடா. அத திரும்பப் போடு” என்றாள்.

5.

முடிவு ஒன்று: தயாரிப்பாளர் கண் கலங்குகிறார். (கலங்கவில்லை.) முடிவு இரண்டு: அக்கா இரைச்சல் முழுவதையும் எடுத்துவிடுகிறாள். (அவளைத் தெரியாதவர்கள் எழுதட்டும்.)

நடந்ததைச் சொல்கிறேன். டிதர் போடாத மூலப் பதிவை வாங்கி மறுபடி செய்தாள். வியாழக்கிழமையே தயாரிப்பாளரின் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“தப்பு என்னுது சார். ரெண்டு தடவ விழுந்துடுச்சு. ஒண்ண எடுத்தாச்சு. இன்னொண்ண எடுக்க மாட்டேன்.”

நான் பத்திரிகைக்காரன். ஒரு கமா தப்பு என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆகும்.

அவர் ஹெட்போனை மாட்டினார். கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே இருந்தேன். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டு ஏப்ரல் 4 அன்று வெளியானது. அடுத்த செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தட்டின் பதிவு அக்காவுக்கு வந்தது. கூடவே மிக்ஸிங் செய்தவரின் குறிப்பு: ‘டிதர் போடவில்லை.’